துளை போடாத பிடி

மோட்டார் வாகனச் சட்டத்தில் ஐம்பத்திரண்டாம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு முரணாக யாரும் தன் வண்டியை மாற்றக்கூடாது என்று அது முதலில் மிரட்டும். பிறகு சற்று இறங்கிவந்து, மாற்றுத்திறனாளி ஒருவர் தான் ஓட்டுவதற்கேற்பத் தன் வண்டியை மாற்றியமைத்துக்கொள்ளலாம், பதிவு அலுவலரின் ஒப்புதலைப் பின்னர் பெறலாம் என்று சொல்லும். வருவாய்த் துறையில் வேலைசெய்தே தலை நரைத்தவன் நான். அரசாங்கம் எழுதிய வாக்கியங்களில் இவ்வளவு இரக்கமுள்ள ஒன்றை அதிகம் படித்ததில்லை. அதன்படி யாரும் நடந்து பார்த்ததும் இல்லை.

வண்டி என் மனைவியுடையது. இரண்டு கதவு, துணிக்கூரை, மெட்ராஸில் செய்தது. கூரையை மடித்துப் பின்னால் தள்ளிவிடலாம். சினிமாவில் கதாநாயகன் ஓட்டுகிற ரகம் என்று நினைக்க வேண்டாம். மழையில் ஒழுகும், வெயிலில் வறுக்கும். கச்சிராயபாளையத்தில் அரிசி மண்டி வைத்திருந்த ஒருவர் அலுத்துப்போய் இவள் தலையில் கட்டிவிட்டார். இவள் அப்போது கல்வராயன் மலையில் செவிலியர். ஆரம்ப சுகாதார நிலையத்து ஜீப் ஒன்று பழுதில் நிற்கும், இல்லையென்றால் யாராவது அதிகாரியின் வீட்டு வாசலில் நிற்கும். பிரசவ வலி எடுத்த பெண்களை இவள் இந்த வண்டியில்தான் கீழே கொண்டுவந்தாள். கூரையைத் திறந்துவைத்துத்தான் ஓட்டுவாள்.

"மூடின வண்டில ஏத்தினா, வளைவுல வாந்தி எடுத்தே பாதி உசுரு போயிடும்" என்பாள்.

சிலர் மலையடிவாரத்துக் கோமுகி அணையைத் தாண்டும்வரை உயிரோடு வரவில்லை. அவர்களைப் பற்றி அவள் பேசமாட்டாள். ஓய்வுபெற்ற பிறகும் மாதம் தவறாமல் மலைமேல் இருக்கும் வெள்ளிமலைக்கு ஓட்டிக்கொண்டு போவாள். புளியோ கடுக்காயோ பின் இருக்கையில் கிடக்க, தலைமுடி கலைந்து திரும்பி வருவாள். எதற்குப் போகிறாள் என்று நான் கேட்டதில்லை.

வண்டியை உள்ளது உள்ளபடியே வைத்திருக்க வேண்டும் என்ற கட்சி என்னுடையது. விளக்கு சுவிட்ச், சாம்பல் கிண்ணம், விரிசல் விட்ட ஹாரன் பொத்தான் எல்லாம் பிறந்தபடியே இருக்கவேண்டும். வண்டிக்கு ஐம்பது வயது தாண்டியதும் பழங்கால வாகனமாகப் பதிவுசெய்யலாம் என்று விதியை எடுத்துக்காட்டி, அவளிடம் கையெழுத்து வாங்கி விண்ணப்பித்தவனும் நானே. சேசிஸ், பாடி, எஞ்சின் எதிலும் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது என்பது அதன் நிபந்தனை. நிபந்தனைகளைக் கடைசிவரை அவள் படித்தது கையெழுத்துப் போட்ட பிறகுதான். அப்படிப் பதிவான வண்டியை அன்றாடம் ஓட்டக்கூடாது. கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் பெட்ரோல் போடவும் பழுதுபார்க்கவும் மட்டும் வெளியே எடுக்கலாம்.

"அப்ப இது வண்டி இல்லிங்க, உற்சவமூர்த்தி" என்றாள். "வருசத்துக்கு ஒரு தபா குளிப்பாட்டி வெளிய இட்டாந்து காட்டணும்."

அந்த விண்ணப்பத்துக்குப் பதில் வருவதற்குள் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. இடது பக்கம். கை மெல்லத் திரும்பி வந்தது, கால் வரவில்லை. கிளட்சை மிதிப்பது இடது கால்தான்.

வாடகைக் காரில் போகலாம் என்றேன். பேருந்தில் முன் இருக்கை கேட்டு வாங்கலாம் என்றேன். சென்னையிலிருந்து மகள், "அம்மா, கியரே இல்லாத புது வண்டி வாங்கிடலாம்" என்றாள். என் மனைவி எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே பதிலைச் சொன்னாள்.

"ஏத்திக்கினு போனா நான் மூட்டை. ஓட்டிக்கினு போனாத்தான் மனுஷி. அந்த மலையில என்னை மூட்டையா யாரும் பாக்க வேணாம்."

சங்கராபுரம் சாலையில் எங்களுக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவர் இருந்தார். கியர் கம்பியோடு சைக்கிள் பிரேக் போல ஒரு கைப்பிடி பொருத்தி, அங்கிருந்து கேபிள் இழுத்தால் கிளட்ச் கையாலேயே வேலைசெய்யும் என்றார். அவர் துளைக்கருவியை எடுத்ததும் நான் குறுக்கே நின்றேன். துளையே போடக்கூடாது. எல்லாம் கவ்விப் பிடிக்கும் பட்டைகளால் நிற்கவேண்டும். நாளைக்குக் கழற்றினால் ஒரு கீறல்கூடத் தெரியக்கூடாது.

"சார், ரெண்டு ஓட்டை போட்டா இன்னா சார்? வண்டிக்கு வலிக்கவா போவுது?"

"பதிவுச் சான்றுக்கு வலிக்கும்" என்றேன்.

"நீ ஒண்ணும் கண்டுக்காதப்பா" என்றாள் பின்னாலிருந்து என் மனைவி. "இவரு என்னைக் கட்டினப்பவும் இப்பிடித்தான், ஒரிஜினல் பாகம் எல்லாம் இருக்குதான்னு பாத்தாரு."

மெக்கானிக் சிரிப்பை அடக்கியபடி பட்டைகளை வெட்டினார். பிடி பொருந்தியது. அழகாகவே பொருந்தியது.

அத்தோடு ஓட்டிக்கொண்டு போயிருக்கலாம். இந்த ஊரில் வேறு யாராக இருந்தாலும் போயிருப்பார்கள். மெக்கானிக்கும் அதைத்தான் சொன்னார்: "யாரும் கேக்க மாட்டாங்கம்மா." ஆனால் நாங்கள் இருவரும் அரசு ஊழியர்கள். எழுத்தில் வராத எதுவும் எங்களுக்கு நடந்ததாகவே கணக்கில்லை. மலையடிவாரத்தில் சாராயத்துக்காக வண்டிகளை நிறுத்திச் சோதிக்கும் சாவடி இருக்கிறது. அங்கே இத்தனை வருடம் அவள் நிற்காமல் போனதே கிடையாது.

"கேக்கலன்னாலும் நானே சொல்லிடுவேன்" என்றாள். "காயிதத்தோடவே போலாம்."

உரிமத்திலும் பதிவுச் சான்றிலும் மாற்றம் கேட்டு விண்ணப்பித்தோம். அலுவலகத்தில் சொன்னார்கள்: பழங்கால வாகனம் என்ற கோப்பு நிலுவையில் இருக்கிறது, அது முடியாமல் இது திறக்காது. அந்த விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறோம் என்று எழுதிக் கொடுத்தோம். திரும்பப் பெறுவதை ஏற்றுக்கொண்டதாக ஆணை வரவேண்டும் என்றார்கள். பின்னர் ஒப்புதல் பெறலாம் என்று சட்டமே சொல்கிறதே என்று பிரிவைக் காட்டினேன். எழுத்தர் மரியாதையாகப் படித்தார். "சரிதாங்க சார். ஆனா இங்க முன் அனுமதிதான் வழக்கம்." என் பணிக்காலத்தில் இதே வாக்கியத்தை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று தெரியாது. எதிர்த்து வாதாட ஒன்றும் இல்லாத வாக்கியம் அது.

அந்த ஆணை வந்த பிறகு வண்டியைக் கொண்டுவந்து காட்டச் சொன்னார்கள். மெக்கானிக் ஓட்ட, நானும் அவளும் போனோம். ஆய்வாளர் இளைஞர், கெட்டவர் அல்லர். குனிந்து பார்த்தார். பட்டைகளை நான் கழற்றிக் காட்டினேன். மறுபடி மாட்டிக் காட்டினேன். பெருமையாகத்தான் காட்டினேன்.

"கழட்டிட்டா மாத்தாத வண்டி ஆவுது. மாட்டிட்டா மாத்தின வண்டி ஆவுது. நான் எதை சார் எழுதுறது?"

"நான் உக்காந்துகினு இருக்கும்போது எப்பிடி இருக்குதோ அதை எழுதுங்க தம்பி" என்றாள் அவள்.

அவர் சிரித்தார். மேலிடத்தில் தெளிவுரை கேட்பதாகச் சொன்னார். தெளிவுரை என்பது ஒரு கிணறு; கல்லைப் போட்டுவிட்டுச் சத்தத்துக்காகக் காத்திருக்கவேண்டும்.

நினைவூட்டு அனுப்பினேன். நினைவூட்டுக்கு நினைவூட்டு அனுப்பினேன். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். கோப்பு பரிசீலனையில் உள்ளது என்ற தகவல் கிடைத்தது. திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியர் அலுவலக வரிசையில் நின்றேன். யாராவது மண்ணெண்ணெயோடு வந்து தீ வைத்துக்கொள்வார்கள் என்று வாசலில் காவலர்கள் பைகளைச் சோதிப்பார்கள். என் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "போலாம் பெரியவரே" என்றார் ஒருவர். மனுவுக்கு ரசீது தந்தார்கள். அது தக்க நடவடிக்கைக்காக அதே அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டது.

இதற்கிடையில் அவள் பழகினாள். சாலையில் அவள் ஓட்ட முடியாது. வடக்கனந்தலில் என் தம்பிக்கு நெல் அடிக்கும் களம் ஒன்று சொந்தத்தில் இருக்கிறது. தனியார் நிலம், சாலை அல்ல. அறுவடை இல்லாத காலத்தில் மாலைகளில் மெக்கானிக் வண்டியை அங்கே கொண்டுவந்து நிறுத்துவார். கூரையை மடிக்கச் சொல்வாள். முதல் நாள் எஞ்சின் அணைந்து அணைந்து போயிற்று. இடது கையில் பிடியை அழுத்தி, அதே கையால் கியரை நகர்த்தி, மெதுவாக விடவேண்டும். மீண்ட கைக்கு அது பெரிய வேலை. கையை உதறிக்கொண்டு மறுபடி தொடங்குவாள். பிறகு ஒரு மாலை வண்டி அசங்காமல் நகர்ந்தது. களத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கிழக்கே திரும்பும்போது முகம் இறுகியிருக்கும். மேற்கே திரும்பி மலை எதிரே வரும்போது தலையைச் சற்று நிமிர்த்துவாள்.

வரப்பில் நின்ற என் தம்பி, "அண்ணி, செக்கு மாடு தோத்துச்சு போங்க!" என்று கத்தினான்.

"செக்கு மாட்டுக்கு லைசென்ஸ் வேணாம், கொடுத்து வச்சது!" என்று அவள் திருப்பிக் கத்தினாள்.

அன்று இறங்கியதும் என்னிடம் சொன்னாள்: "போதும், கை வந்துடுச்சு. இப்ப காயிதம்தான் வரணும்."

அடுத்த வாரம் சமையலறையில் டம்ளர் அவள் கையிலிருந்து நழுவியது. பிடி நழுவியது என்றுதான் இருவரும் நினைத்தோம். அவள் குனிந்து எடுக்கப் போனபோது கை போகவில்லை. கள்ளக்குறிச்சியில் மருத்துவர் இரண்டாவது முறை என்றார். பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை, புத்திக்கும் ஒன்றும் ஆகவில்லை. களத்தில் பழகிய அந்த இடது கை மட்டும் போயிற்று. இந்த முறை அது திரும்பாது என்பதை யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. முப்பது வருடம் செவிலியராக இருந்தவள். படுக்கையில் கிடந்தபடி வலது கையால் இடது விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தாள், வேறு யாருடைய விரல்களோ என்பதுபோல.

வீட்டுக்கு வந்த பிறகு அவளே சொன்னாள்: "அந்தப் பிடியைக் கழட்டச் சொல்லுங்க."

"இருக்கட்டுமே" என்றேன்.

"எதுக்கு? நீங்க சொன்ன மாதிரியே ஆவட்டும். வண்டியாவது ஒரிஜினலா இருக்கட்டும்."

மெக்கானிக் வந்து கழற்றினார். நான் விளக்கை வைத்துப் பார்த்தேன். துளை இல்லை, கீறல் இல்லை. அவ்வளவு சுத்தமாகப் போடப்பட்ட வேலை. பட்டைகளையும் கேபிளையும் செய்தித்தாளில் சுற்றி என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். கூலி பேசவில்லை, அவளைப் பார்த்துவிட்டுப் போகவும் உள்ளே வரவில்லை.

பின்பு ஒருநாள் தபால்காரர் பதிவுத் தபாலோடு வந்தார். பெறுநர் அவள் என்பதால் அவளிடமே கொண்டுபோனார். வலது கையால் கையெழுத்துப் போட்டாள். என்னைப் படிக்கச் சொன்னாள். வாகனத்தில் செய்யப்பட்டுள்ள மாற்றம் ஏற்கப்படுகிறது என்று இருந்தது. ஒரே ஒரு நிபந்தனை: மேற்படி வாகனத்தை விண்ணப்பதாரர் மட்டுமே ஓட்டவேண்டும்.

"நல்லா எழுதிருக்காங்க" என்றாள். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வெளியே ஊரே சோறு கட்டிக்கொண்டு கோமுகி அணைக்குப் போய்க்கொண்டிருந்தது. கடிதத்தின் மூலையில், பழக்கத்தில், பெறப்பட்ட நாளைக் குறித்துவைத்தேன்: ஆடி பதினெட்டு.