நாலு தடவை நின்ற மிஷின்

இதை எழுதுவதா வேண்டாமா என்று ஆறேழு வருஷமாக மனசுக்குள் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்வேன். "அன்றைக்குக் காலையில் மழை" என்று எழுதியதும் கை நின்றுவிடும். எட்டாவதோடு படிப்பை விட்டவன் என்பது மட்டும் காரணமில்லை. எழுதினால் சாமியைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடுமோ என்று பயம். எழுதாமல் விட்டால், ஒரு மனுஷனுக்கு என் கையால் நடந்த பிழையை மறைத்த மாதிரி ஆகும். இந்த இரண்டுக்கும் நடுவிலேயே இத்தனை நாள் போய்விட்டது.

எனக்கு மரம் அறுக்கிற வேலை. கையில் பிடித்து அறுக்கும் செயின் ரம்பம் ஒன்று சொந்தமாக வைத்திருக்கிறேன். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் மிஷின்தான். கீழ்பென்னாத்தூர் பக்கம் வரப்பில் பட்டுப்போன தென்னை, வேங்கிக்காலில் வீடு கட்டுகிறவர்களுக்கு இடைஞ்சலாக நிற்கும் வேம்பு என்று எது இருந்தாலும் என்னைக் கூப்பிடுவார்கள். பெட்ரோலில் ஆயில் கலப்பது, தினமும் காலையில் அரத்தை வைத்துச் செயினின் பற்களை ஒவ்வொன்றாகத் தீட்டுவது, ஃபில்டரைக் கழற்றி மரத்தூளைத் தட்டுவது எல்லாம் நானேதான். பிளக் மாற்றுவேன், இழுக்கிற கயிறு அறுந்தால் கோர்ப்பேன். கார்புரேட்டரைப் பிரிப்பது மட்டும் எனக்கு வராது. எந்த மரத்தைத் தொடுவதானாலும் முதலில் அண்ணாமலையார் மலை இருக்கிற பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போடுவேன்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முதல் நாள் சாயங்காலம் மிஷினைத் துடைத்துப் புதுசு மாதிரி ஆக்கினேன். என் வீட்டுக்காரி சந்தனம் அரைத்துக் கொடுத்தாள். பூஜையன்று கைப்பிடியில் ஒன்று, செயின் ஓடுகிற பட்டையில் மூன்று, பெட்ரோல் டேங்க் மூடியின் மேல் ஒன்று என்று பொட்டு வைத்தேன். பட்டையில் வைத்தது நிற்காது, வழிந்துவிடும். மூடிதான் வட்டமாக, வாகாக இருந்தது. கெட்டியாக எடுத்து, கட்டைவிரலால் அழுத்தி வைத்து, மேலே குங்குமம் வைத்தேன். மறுநாள் விஜயதசமிக்கு வாசலில் இருந்த முருங்கையில் ஒரே ஒரு கிளையைப் பேருக்கு அறுத்துவிட்டு மிஷினை உள்ளே வைத்தேன். அரை நிமிஷ வேலை. ஜம்மென்று ஓடியது.

அன்று ராத்திரி பிடித்த மழை இரண்டு நாள் விடவில்லை. மூன்றாம் நாள் காலை ஆறரை மணிக்கு போன் வந்தது. செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டி ஒரு டீக்கடை. அதற்குப் பின்னால் நின்ற தூங்குமூஞ்சி மரம் வேரோடு சாய்ந்து கடை மேல் விழுந்துவிட்டது, கடைக்காரர் அடியில் இருக்கிறார், மிஷினை எடுத்துக்கொண்டு உடனே வா என்றார்கள். அந்தக் கடைக்காரர் எனக்குப் பழக்கமானவர், என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன்.

நான் போனபோது தகரமெல்லாம் நசுங்கிக் கிடந்தது. அடிமரம் இரண்டு ஆள் கட்டிப் பிடிக்கிற பருமன். அதற்கும் சிமெண்ட் மேடைக்கும் நடுவில் அவருடைய வலது கால், முழங்காலுக்குக் கீழே மாட்டியிருந்தது. மற்ற உடம்புக்கு ஒன்றுமில்லை. ஒருக்களித்துப் படுத்த மாதிரி கிடந்தார். அவர் மனைவி குடையை அவர் முகத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு, தான் நனைந்தபடி நின்றிருந்தார். பத்துப் பதினைந்து பேர் சுற்றி இருந்தார்கள். கோடாலி போட்டால் மரம் அதிர்ந்தது, அந்த அதிர்ச்சி நேராக அவர் காலுக்குப் போனது, அவர் கத்தினார். அதனால் கோடாலியை நிறுத்தியிருந்தார்கள். கைரம்பத்தைப் பச்சை மரம் கவ்விக்கொண்டது. வண்டி வர முடியாதபடி ரோடெல்லாம் மரம். தீயணைப்புக்காரர்களுக்குப் போன் போட்டாயிற்று, அவர்களும் வழியில் ஒவ்வொன்றாக அப்புறப்படுத்திக்கொண்டுதான் வருகிறார்கள் என்றார்கள். ஆக எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தது என் மிஷினை.

அவருக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று இரண்டு இடத்தில் அறுத்தால் நடுத்துண்டைக் கடப்பாரை கொடுத்துத் தூக்கிவிடலாம். மரம் உருளாமல் கல் முட்டுக் கொடுத்தோம். மலையைப் பார்த்தேன், மேகத்தில் தெரியவில்லை. தெரியாத மலைக்கே கும்பிட்டு, அண்ணாமலையாருக்கு அரோகரா என்று கயிற்றை இழுத்தேன். ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆனது. சுற்றி நின்றவர்களும் அரோகரா என்றார்கள்.

நாலைந்து நிமிஷம் நன்றாக அறுத்தது. மரத்தூள் ஈரமாக வந்து என் கால்மேல் விழுந்தது. அப்புறம் சத்தம் மெலிந்து, இருமி, நின்றுவிட்டது.

மூடியைத் திறந்து பார்த்தேன், பெட்ரோல் பாதி இருந்தது. பிளக்கில் தண்ணீர் போயிருக்கும் என்று கழற்றித் துடைத்து மாட்டி, மறுபடியும் அரோகரா சொல்லி இழுத்தேன். ஓடியது. பிளக்தான் என்று நினைத்தேன். நாலைந்து நிமிஷத்தில் மறுபடியும் நின்றது.

அடியில் இருந்து அவர் குரல் வந்தது. "ஏம்ப்பா, உன் மிஷினுக்குக் காலையில டீ குடிக்காம வேல ஓடாதா? பாய்லரு கவுந்துகெடக்குதுப்பா, இன்னா பண்றது."

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இப்போது அந்தச் சிரிப்பை நினைத்தால் சோறு இறங்காது.

பெட்ரோலில் மழைத்தண்ணீர் கலந்திருக்கும் என்று தோன்றியது. மூடியைத் திறந்தேன். 'புஸ்' என்று ஒரு சத்தம் கேட்டது. கேட்டேன், கேட்காதவன் மாதிரி வேலையைப் பார்த்தேன். இருந்ததைக் கொட்டிவிட்டுப் புதுசாகக் கலந்து ஊற்றினேன். ஓடியது. ஒரு பக்கத்து வெட்டு முடிந்து மரம் துண்டானது. சாமி கண் திறந்துவிட்டார் என்று யாரோ சொன்னார்கள், எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தப் பக்கம் போய் மிஷினை வைத்தேன், நாலு விரல் ஆழம்கூடப் போகவில்லை, நின்றது. ஃபில்டரைக் கழற்றித் தட்டினேன், மூடியைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்து மூடினேன், இழுத்தேன். ஓடியது. நாலாவது தடவையும் நின்றது.

எனக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் அதோடு தீர்ந்தது. அப்புறம் எதையும் திறக்காமல் கயிற்றையே இழுத்து இழுத்து உள்ளங்கைத் தோல் கிழிந்திருந்தது. அவர் முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது, பேச்சு குறைந்துவிட்டது. அவர் மனைவி என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை. குடைக்கு அடியில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, ஓடுமா?" என்றார் அவர்.

"ஓடும் அண்ணே."

எனக்குத் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் தலையை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

தீயணைப்புக்காரர்கள் வந்து அவர்கள் ரம்பத்தால் அந்த மீதி வெட்டைப் பத்து நிமிஷத்தில் முடித்தார்கள். நான் போனதில் இருந்து அதுவரை இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. நாலாம் நாள் ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பார்க்கப் போனபோது அவர் மனைவி என்னை உட்காரச் சொல்லி, "ஒரு மணி நேரம் முன்ன வந்திருந்தா கால் நின்னிருக்கும்னாராம் டாக்டரு. அந்த மழையில நீங்கதான் இன்னா பண்ணுவீங்க அண்ணா" என்றார். அது ஆறுதலுக்குச் சொன்ன சொல். எனக்கும் அப்போது ஆறுதலாகத்தான் இருந்தது.

அடுத்த வாரம் மிஷினைத் தூக்கிக்கொண்டு பம்புசெட் மெக்கானிக்கிடம் போனேன். அவர் பிரிக்கவே இல்லை. ஓட விட்டுவிட்டு பீடி பற்றவைத்தார். அது நின்றதும் டேங்க் மூடியைத் திருகினார். 'புஸ்' என்றது. மூடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா சாமி, மிஷினுக்கு மூக்க அடச்சி வெச்சிருக்கீங்க?"

அந்த மூடியின் நடுவில் ஊசிமுனை அளவு ஒரு ஓட்டை உண்டு. பெட்ரோல் இறங்க இறங்க அதன் வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். காற்று போகாவிட்டால் பெட்ரோல் இறங்காது, நாலைந்து நிமிஷத்தில் மிஷின் நின்றுவிடும். மூடியைத் திறந்தால் காற்று புகுந்து மறுபடி ஓடும். குங்குமம் மழையில் போயிருந்தது. அடியில் இருந்த சந்தனம் ஓட்டைக்குள் இறங்கிக் கல்லாகியிருந்தது. மெக்கானிக் குண்டூசியால் குத்தி எடுத்துவிட்டு, பூஜைக்கு எல்லோரும் வைப்பதுதான், ஓட்டையை விட்டுவிட்டு வைக்க வேண்டும் என்றார். அவ்வளவுதான். ஒரு குண்டூசி.

அன்றைக்கே போய்க் கடைக்காரரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஆறேழு வருஷம் வீட்டிலும் சொல்லவில்லை. அதற்குள் ஊரில் கதை தானாக வளர்ந்தது. அந்த மரத்தில் முனி இருந்தது, அதுதான் மிஷினை ஓட விடவில்லை என்று சிலர் சொன்னார்கள். மழையில் இரண்டு மணி நேரம் போராடினவர் என்று என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். அவரோ செயற்கைக் கால் மாட்டிக்கொண்டு மறுபடியும் அதே இடத்தில் கடை போட்டார். பௌர்ணமிக்கு வருகிறவர்கள் காலைப் பற்றிக் கேட்டால், டீ வடிகட்டியால் அதன்மேல் தட்டிக் காட்டுவார். "அண்ணாமலையாரு ஒண்ண எடுத்துகினு, மலைய சுத்தறதுக்கு ஒண்ண வுட்டு வெச்சாரு" என்பார். கேட்கிறவர்கள் கைகூப்புவார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்து டீயைக் குடித்துக்கொண்டிருப்பேன்.

இந்தக் கார்த்திகை தீபம் முடிந்து கூட்டம் வடிந்த பிறகு ஒரு மத்தியானம் போனேன். கடையில் யாரும் இல்லை. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் ஆயுத பூஜையில் ஆரம்பித்து மெக்கானிக்கின் குண்டூசி வரைக்கும் சொல்லிவிட்டேன். அவர் கிளாஸ் கழுவுவதை நிறுத்தவில்லை. கழுவினதையே எடுத்து மறுபடியும் கழுவினார்.

"இத்த ஏன் இப்ப வந்து சொல்ற?" என்றார் கடைசியில்.

மனசு கேட்கவில்லை என்றேன்.

"உனக்கு பாரம் எறங்கிப் போச்சு, சரி. சாமி எடுத்துகிச்சின்னு வெச்சிருந்தேன் நான். சாமிகிட்டன்னா சண்ட போடலாம், கோயிலுக்குப் போயி கேக்கலாம். குண்டூசிகிட்ட இன்னான்னு போய் கேக்கறது?"

மன்னிப்பு கேட்கத்தான் போனேன். போய், அவர் பிடித்துக்கொண்டு நின்றதையும் பிடுங்கிவிட்டு வந்திருக்கிறேன். சொல்லாமல் இருந்ததும் தப்பு, சொன்னதும் தப்பு. கும்பிடப் போனாலும் எதற்கு என்று கும்பிடுவது என்று தெரியவில்லை. ஆனாலும் போகிறேன், கும்பிடுகிறேன்.

எழுந்தபோது அவர் கூப்பிட்டார். "நடந்தத நடந்தபடி எழுதிக் குடு. நான் சொன்னா எவ்ளோ ஒயுங்கா ஆரம்பிச்சாலும் நடுவுல சாமி பூந்துடுவாரு."

அதனால்தான் எழுதினேன். படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள், ஆனால் இதில் இருக்கிறபடியே சொல்லுங்கள். சாமி தண்டித்தார் என்று கூட்ட வேண்டாம், பூஜை செய்ததால் வந்த வினை என்று திரிக்கவும் வேண்டாம். என்மேல் இரக்கப்பட்டு, அவன் என்ன செய்வான் பாவம் என்று ஒரு வரி சேர்க்கவும் வேண்டாம். நீங்கள் சொல்வதைக் கேட்ட யாராவது கிரிவலம் வந்து, கால் வலிக்கிறது என்று அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து, அதை அவரிடமே சொல்லக்கூடும். எந்த வார்த்தையை மாற்றிச் சொன்னாலும் அவர் அதை நம்பிவிடுவார்.