சிவப்புக் கோட்டுக்குக் கீழே

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தருகே வசிக்கும் இளைப்பாறிய பிரதம இலிகிதர் தேவராசா, தம் வாசலில் ஓடும் வீதியைப் பற்றி யாரிடமும் குறை சொன்னவர் அல்லர். ஒன்பது மனுக்கள் மட்டுமே எழுதியிருந்தார். அவ்வீதியில் நேரே போனால் அவர் பிறந்த யாழ்ப்பாணத்தை அடைந்துவிடலாம். எதிர்ப்பக்கத்தை அடைவதுதான் கடினம்.

மனைவி பத்மாதேவிக்கு முழங்கால் வருத்தம். செவ்வாய்தோறும் அவர் செல்லும் சிகிச்சை நிலையம், வாசலுக்கு நேர் எதிரே முப்பதடி தூரத்தில் இருக்கிறது. அந்த முப்பதடியைக் கடக்கப் பாதசாரிக் கடவையாக ஒரு மஞ்சள் கோடு போட்டுத்தரும்படி கேட்ட ஒன்பது மனுக்களுக்கும், வீதிக்குப் பொறுப்பான அலுவலகம் ஒரே பதிலை மிகுந்த மரியாதையுடன் அனுப்பியது: அவ்விடம் கடப்பதற்குக் கடினமானது என்பதற்கு எழுத்துமூல ஆதாரம் இல்லை. ஆனி மாதத்தில் லொறி ஒன்று பத்மாதேவியின் குடையைத் தட்டிப் பறித்துக்கொண்டு போனது எழுத்தில் வராத சம்பவம்.

இந்நிலையில்தான், வாசலுக்கு அருகேயுள்ள இரும்புத் தடுப்பின் பின்னால் முன்பின் அறியாதவர்கள் கைவிட்டுத் துழாவுவதை அவர் கவனித்தார். துழாவினார்கள், எதையோ எழுதினார்கள், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்கள் போனபின் தேவராசாவும் துழாவினார். காந்தத்தால் ஒட்டிய சிறு கறுப்புப் பெட்டி. உள்ளே ஒரு குறிப்பேடு. அதில் பெயர்கள், திகதிகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ரி.எஃப்.ரி.சி. என்ற நான்கு எழுத்துகள்.

இந்நாட்டில் எந்த நான்கு எழுத்தைச் சேர்த்தாலும் ஓர் ஆணைக்குழு கிடைத்துவிடும். இது போக்குவரத்து ஆணைக்குழுவின் வெளிக்கள உத்தியோகத்தர்களுக்கான வரவுப் பதிவேடு என்று தேவராசா முடிவுசெய்தார். முப்பத்துநான்கு ஆண்டுகள் அவர் ஆற்றிய பெரும்பணி, காலை எட்டே முக்காலுக்கு அலுவலக வரவுப் பதிவேட்டில் சிவப்புக் கோடு இழுப்பது. அதற்குப் பின் வருபவர் பணிப்பாளரே ஆனாலும் கோட்டுக்குக் கீழேதான் ஒப்பமிட வேண்டும். இங்கே கோடே இல்லை. அத்தகைய சீர்கேட்டைப் பார்த்துக்கொண்டிருக்க அவருடைய மனம் இடந்தரவில்லை. மறுநாள் எட்டே முக்காலுக்குச் சிவப்புப் பேனையுடன் கோடு இழுத்தார். மனுவின் பிரதி ஒன்றையும் மடித்து வைத்தார். அதன்பின் அது தினசரிக் கடமையாயிற்று.

நான்காம் வாரச் செவ்வாய்க்கிழமை, அலவத்துகொடவைச் சேர்ந்த ஆகிப் என்ற கணினிப் பொறியியலாளர் வந்து பெட்டியைத் திறந்தார். மனுக்கள் சரிந்து விழுந்தன.

"தம்பி, நீர் எந்தக் கந்தோர்?" என்று தேவராசா படலையடியிலிருந்து கேட்டார்.

"கந்தோரா? ஆபீஸ் ஒண்டும் இல்ல, பெட்டி என்னோடது அங்கிள். வர்றவங்கெல்லாம் செவப்புக் கோட்டப் பத்தி முறைப்பாடு போடுறாங்க. நீங்களா செஞ்ச?"

"பிந்தி வந்தவைக்கு முறைப்பாடு இருக்கும்தானே."

ஆகிப் தொலைபேசியை நீட்டி விளக்கினார். இது ஜியோகேச் என்னும் விளையாட்டு. ஒருவர் பெட்டியை ஒளித்து இடத்தை இணையத்தில் குறிப்பார். மற்றவர்கள் தேடிக் கண்டுபிடித்து ஒப்பமிடுவார்கள். அந்த நான்கு எழுத்துகள் பெட்டிக்கு நன்றி என்பதன் ஆங்கிலச் சுருக்கம்.

ஓர் ஆணைக்குழு கண்முன்னே கலைக்கப்பட்டதைத் தேவராசா அமைதியாகத் தாங்கிக்கொண்டார். பிறகு தொலைபேசித் திரையைச் சுட்டினார். "இதிலை ஒண்டு எண்டு போட்டிருக்கு. அது என்ன?"

"இடத்துட கஷ்டம் அங்கிள். அஞ்சு வரைக்கும் ஈக்கிது. ஒண்டு எண்டா வீல்செயார்லயும் வரலாம்."

கைப்பையுடன் வெளியே வந்த பத்மாதேவிக்கு அது கேட்டது. "வீல்செயாரிலையோ? தம்பி எந்தப் பக்கத்தாலை வந்தனீர்?"

"இந்தப் பக்கத்தால."

"அப்ப அந்தப் பக்கம் ஒருக்கா என்னோடை வாருமன்."

ஆகிப் சிரித்துக்கொண்டே கைப்பையை வாங்கினார். மாத்தளை பஸ் ஒன்று கடந்தது. அதை முந்திக்கொண்டு இன்னொன்று கடந்தது. பாதி வழியில் இருவரும் இரண்டு முறை திரும்பி ஓடிவந்தனர். முழங்கால் வருத்தக்காரி முதலில் வந்து சேர்ந்தார். பத்தொன்பதாவது நிமிடத்தில் அவர்கள் மறுகரை சேர்ந்ததைத் தேவராசா நேரத்துடன் குறித்துக்கொண்டார்.

அன்று மாலையே அந்தப் பெட்டியின் இணையப் பக்கத்தில் இடத்தின் கடினம் நான்கரையாக உயர்ந்தது. "எதிர்ப்பக்கத்திலிருந்து வருவோர் உயிருக்குத் தாமே பொறுப்பு" என்ற குறிப்பும் சேர்ந்தது. எழுத்துமூல ஆதாரம் பிறந்துவிட்டது. தேவராசா அதை அச்சிட்டு, பத்தாவது மனுவுடன் இணைத்துப் பதிவுத்தபாலில் அனுப்பினார்.

கண்ணால் கண்டவர்களை நம்பாத அலுவலகம் அச்சுத்தாளை நம்பியது. காலை எட்டரைக்கு வருவதாக அறிவித்த பரிசோதகர் பத்து நாற்பதுக்கு எதிர்ப்பக்கத்தில் வந்திறங்கினார். இப்பக்கம் வந்து சேர மேலும் பதினேழு நிமிடங்கள் ஆயின. வியர்வையைத் துடைத்தபடி, மஞ்சள் கோடு போடலாம் என்று அவர் வாயால் சொன்னார். தேவராசா பெட்டியிலிருந்த குறிப்பேட்டை விரித்து நீட்டினார். சிபாரிசும் ஒப்பமும் கோட்டுக்குக் கீழே பதிவாயின.

மூன்றாம் வாரம் மஞ்சள் கோடு வந்தது. வாகனங்களுள் பாதி நிற்கின்றன. மீதி ஒலியெழுப்பி மரியாதை செய்கின்றன. பத்மாதேவி இப்போது நான்கு நிமிடங்களில் கடந்துவிடுகிறார்.

செய்தியறிந்த ஆகிப் தொலைபேசியில் அழைத்தார். "அப்ப கஷ்டத்த ரெண்டாக் கொறைக்கட்டா அங்கிள்?"

"வேண்டாம் தம்பி, அப்பிடியே விடும்," என்றார் தேவராசா. "மழைக்குப் பெயின்ற் போயிடும். பதினோராவது மனுவுக்குத் தேவைப்படும்."