கன்சேர்ன் சொன்னது ஆர்?

பூட்டிக் கிடக்கிற கதவொன்றை ஒரு மனிதர் தினமும் வந்து இழுத்துப் பார்த்துவிட்டுப் போனால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? நான் நல்லதாக ஒன்றும் நினைக்கவில்லை. நாங்கள் புலம்பெயர்ந்து வந்த நகரத்தின் வெக்ஸ்போர்ட் பகுதியில், ஒரு சின்ன பிளாசாவில் உடுப்புத் திருத்திக் கொடுக்கிற கடை வைத்திருக்கிறேன். ஒட்டினாற்போல இருந்தது ஒரு பப். போன மாரியில் அதை மூடிவிட்டார்கள். கண்ணாடி முழுக்கப் பழுப்புக் கடதாசி ஒட்டியாயிற்று, பெயர்ப் பலகையும் கழற்றியாயிற்று. ஆனாலும் பின்னேரமானால் வோல்டர் வருவார். என்னிடம் ஒருதரம் காற்சட்டை கட்டையாக்கத் தந்தவர் என்பதால் பெயர் தெரியும். எழுபது வயதுக்கு மேலான வெள்ளைக்காரர். கைப்பிடியை ஒருதரம் இழுப்பார். திறக்காது என்று அவருக்கே தெரியும். பிறகு என் கடைக்கு முன்னால் உள்ள சீமெந்துக் கட்டின்மேல் இருந்துகொண்டு, உடம்பைத் திருப்பி, என் கண்ணாடிக்குள்ளால் உள்ளே பார்ப்பார். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை.

ஊரில் இருப்பவர்களுக்கு பப் என்றால் என்னவென்று சொல்வது கடினம். எங்கள் ஊரில் கள்ளுத் தவறணை இருந்த ஒழுங்கையால் பெண்கள் போவதில்லை. சுற்றுப் பாதை இருந்தது, அதனால் போவோம். கள்ளுக் குடிக்கிறவர்களும் யாராவது தெரிந்த பெண் தூரத்தில் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இங்கேயோ மனைவியோடு வந்து, பிறந்தநாளுக்குப் பேரப்பிள்ளைகளையும் கூட்டிவந்து, பொரித்த மீனும் உருளைக்கிழங்கும் தின்றுவிட்டுப் போகிற இடமாகப் பக்கத்து பப் இருந்தது. நான் கடை திறந்த புதிதில், வாசலில் நின்று சிகரெட் குடித்த ஒருவர் என்னைப் பார்த்து, "ஓல்ரைட், லவ்?" என்றார். எனக்குத் தெரிந்த இங்கிலீசில் லவ் என்றால் ஒன்றுதான். வீட்டுக்குப் போய் என் கணவரிடம் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை முழுதும் இவர் கடை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பின்னேரம் அதே ஆள் வந்து இவரையும் பார்த்து, "ஓல்ரைட், லவ்?" என்றார். அதோடு இவர் வீட்டுக்குப் போய்விட்டார்.

அப்படி வருடக்கணக்காகப் பக்கத்தில் இருந்தும் நான் அதற்குள் ஒருநாளும் கால் வைக்கவில்லை.

கடதாசி ஒட்டிய பிறகு, பின்பக்கத்தால் ஒரு வெள்ளை வான் வந்து வந்து போனது. ஒருநாள் குப்பை கொட்டப் போனபோது வானிலிருந்து இறங்கியவன் தமிழ்ப் பெடியன். முப்பத்தைந்து வயதிருக்கும், சீலன் என்று பெயர் சொன்னான்.

"எடுத்திட்டீங்களோ தம்பி? என்ன போடப் போறியள்?"

"சும்மா சின்னதா ஒரு ரெஸ்ரோரன்ட் அக்கா. கொத்து ரொட்டி, கட்லட் அப்பிடி."

சொல்லிவிட்டு என் முகத்தைக் கொஞ்சம் கூடுதலான நேரம் பார்த்தான். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருக்கிற பார்வை. இரண்டு நாள் கழித்து அவனும் இன்னொருவனும் வானிலிருந்து பியர் ஊற்றுகிற குழாய்களை இறக்கினார்கள். என்னைக் கண்டதும் அதன் மேல் ஒரு போர்வையை இழுத்து மூடினார்கள். கொத்து ரொட்டிக்கு அந்தக் குழாய் எதற்கு? பியர் விற்பது இந்த நாட்டில் குற்றமில்லை. பிறகேன் என்னிடம் பொய் சொல்ல வேண்டும்? பொய்யைச் சொல்வது பியருக்காக இல்லை, வேறெதையோ மறைக்கத்தான் என்று என் மனம் சொல்லிற்று.

இதைப் படிக்கிற புலம்பெயர்ந்தவர்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. நாங்கள் வளர்ந்த காலத்தில் சந்தேகம் ஒரு கெட்ட குணமாக இருக்கவில்லை. ஒருமுறை இராணுவச் சுற்றிவளைப்பின்போது எங்கள் ஊர் ஆண்களையெல்லாம் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாக நடக்கவிட்டார்கள். வரிசையின் முடிவில் ஜீப்புக்குள் ஒருவன் இருந்தான். தலையில் சாக்கு, கண்ணுக்கு நேரே இரண்டு ஓட்டை. தலையாட்டி என்போம். அவன் தலையை ஆட்டினால் அந்த ஆளைக் கொண்டுபோய்விடுவார்கள். என் அண்ணன் முன்னால் போனபோது அந்தத் தலை ஆடவில்லை. அண்ணனுக்குப் பின்னால் போன, சந்தியில் சைக்கிள் திருத்துகிற பெடியனுக்கு ஆடியது. அவன் திரும்பி வரவில்லை. சாக்குக்குள் இருந்தது ஆர் என்று ஊர் முழுக்கக் கதைத்தது. ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு பெயர் வைத்திருந்தார்கள். சில வீடுகளில் என் அண்ணனின் மீதே கண் இருந்தது என்று பிறகுதான் அறிந்தேன். 'அவனுக்கு மட்டும் ஏன் தலை ஆடேல்லை? முன்னமே கதைச்சு வச்சிருப்பான்' என்றார்களாம். அண்ணன் ஊரைவிட்டுப் போனதற்கு ஆமி மட்டும் காரணமில்லை.

பனி கரைந்துகொண்டிருந்த ஒரு காலையில் சிட்டி என்கிற மாநகராட்சியிலிருந்து ஒருவர் வந்தார். கழுத்தில் அடையாள அட்டை. மிகவும் மரியாதையாக, "உங்களைப் பற்றி ஒரு கன்சேர்ன் வந்திருக்கிறது" என்றார். கன்சேர்ன் என்றால் அக்கறை என்றுதான் எனக்கு வகுப்பில் சொல்லித் தந்தார்கள். ஆரோ என்மேல் அக்கறைப்பட்டிருக்கிறார்கள் என்று நினைத்து, "நன்றி, நான் நல்ல சுகம்" என்றேன். அவர் புன்சிரித்தார். பிறகு நேரே பின்பக்கம் போய், அவசரக் கதவுக்கு முன்னால் நான் உடுப்புத் தொங்கவிட்டிருந்த கம்பியைக் காட்டினார். அதை எடுக்க வேண்டும், நீராவி போகிற குழாயை மாற்ற வேண்டும், திரும்பவும் வந்து பார்ப்பேன், சரியாக இல்லாவிட்டால் கடையை மூடவேண்டி வரும் என்றார். எல்லாம் அதே புன்சிரிப்போடு. ஆர் சொன்னது என்று கேட்டேன். அதைச் சொல்ல முடியாது என்றார்.

இந்த நகரத்தில் ஒருவரும் முறைப்பாடு செய்வதில்லை என்று அன்றைக்குத்தான் விளங்கிற்று. எல்லோருக்கும் கன்சேர்ன்தான். பார்க்கிங் பற்றி, சத்தம் பற்றி, கறி மணம் பற்றி, குப்பைவாளியைக் கிண்டுகிற ரக்கூன் பற்றி. கதவைத் தட்டிச் சண்டை பிடிக்க மாட்டார்கள். ஒரு தொலைபேசி அழைப்பு, அவ்வளவுதான். சாக்குப் போடாமலே தலையாட்டலாம்.

அன்று இரவுச் சாப்பாட்டில் இவர் முடிவாகச் சொன்னார். "உது சீலன்ரை வேலை. உன்ரை கடையையும் சேர்த்து எடுத்து இடிச்சுப் பெரிசாக்கப் பாக்கிறான். எங்கடையாக்களை நம்பாதை."

"இல்லையப்பா, அந்தக் கிழவன்தான். ஒவ்வொரு நாளும் கடைக்குள்ள பாத்துக்கொண்டு இருக்கிறான். பின்கதவில உடுப்புத் தொங்கிறது அங்க இருந்து வடிவாத் தெரியும்."

மகள் அபி போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "அம்மா, யூ ஆர் பீயிங் சோ பரனோய்ட். அவர் பாவம், ஹி இஸ் ஜஸ்ட் ஓல்ட்" என்றாள். இங்கே பிறந்தவளுக்கு வேறென்ன தெரியும்?

கம்பியை எடுத்தேன். குழாயை மாற்றுவித்தேன். இரண்டாம் முறை வந்த அதிகாரி தலையசைத்துவிட்டுப் போனார். ஆனால் எனக்கு நிம்மதி வரவில்லை. வாடிக்கையாளர்கள் அளவெடுக்க நிற்கும்போதுகூட, இவர்தானோ, இவள்தானோ என்று முகத்தைப் பார்த்தேன். வருடக்கணக்காக வருகிற பிலிப்பினோப் பெண், 'என்ன, உடம்பு சரியில்லையா?' என்று கேட்டாள். அந்த அக்கறையும் எனக்குச் சந்தேகமாகவே இருந்தது.

மழை பெய்த ஒரு பின்னேரம் வோல்டர் குடையில்லாமல் அந்தச் சீமெந்துக் கட்டின்மேல் இருந்தார். என்னால் பொறுக்க முடியவில்லை. கதவைத் திறந்துகொண்டு போய், "நீங்கள் ஏன் என் கடையைப் பார்க்கிறீர்கள்?" என்று நேராகவே கேட்டேன். இங்கிலீசில் என் குரல் எப்போதும் நான் நினைப்பதைவிட உரத்துப் போய்விடும்.

அவர் எழும்பினார். "பப்புக்குள்ளே இருக்கிற அந்தப் புது ஆள் உனக்குச் சொந்தமா?" என்றார்.

"இல்லை."

"தம்பியா?"

"இல்லை என்றேனே. அவரை எனக்குத் தெரியவே தெரியாது."

அவர் நம்பவில்லை. "அவன் உன்னை ஏதோ சொல்லிக் கூப்பிட்டான். நான் கேட்டேன். அக்கா என்றான். அக்கா என்றால் சகோதரி என்று கூகிள் சொல்கிறது."

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்களுக்குள் எல்லோரும் அக்காதான், அண்ணைதான் என்று சொல்லப் போனேன். அதற்குள் அவர் சொன்னார்: "இரண்டு வருடமாக ஆரோ சிட்டிக்குப் போன் அடித்துக்கொண்டே இருந்தார்கள். சத்தம் என்று, சிகரெட் என்று. ஒவ்வொரு முறையும் ஆட்கள் வந்தார்கள். கடைசியில் பப்பின் சொந்தக்காரர் அலுத்துப்போய் மூடிவிட்டார். சுவர் ஒட்டி இருக்கிறது நீ மட்டும்தான். உன் ஆள் வந்து எடுத்துக்கொண்டான். நான் என்ன நினைக்கிறது?"

அத்தனை நாளும் நான் அவரைக் கண்காணித்த அதே கண்ணாடியால் அவர் என்னைக் கண்காணித்திருக்கிறார். "நான் ஒருநாளும் ஆருக்கும் போன் பண்ணவில்லை" என்றேன். "எனக்கும் வந்தது. என் கடைக்கும் சிட்டி வந்தது." அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஹ்ம்" என்றார். அந்த ஹ்ம்முக்கு எந்த மொழியிலும் அர்த்தம் கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு மழைக்குள் நடந்து போய்விட்டார்.

உள்ளே வந்து உடுப்பைத் துடைத்துவிட்டு, நேரே பக்கத்து பப்பின் பின்கதவைப் போய்த் தட்டினேன். சீலன் திறந்தான். கையில் பெயின்ற் தூரிகை. நான் அழைப்பில்லாமலே உள்ளே போனேன். முன்பிருந்த இருண்ட மரப்பலகைகளுக்கு வெளிர் நீலம் பூசியிருந்தான். பார் மேசை மட்டும் பழையதுதான்.

"தம்பி, உண்மையைச் சொல்லும். என்ரை கடையைப் பற்றிச் சிட்டிக்குச் சொன்னது நீரோ?"

அவன் தூரிகையை வைத்தான். "அக்கா, நான் உங்களிட்டைக் கேக்க வேணும் எண்டு இருந்தனான். எனக்கு மூண்டு தரம் சிட்டி ஆக்கள் வந்திட்டாங்கள். ஃபயர் எண்டு ஒருக்கா, ரொய்லட் எண்டு ரெண்டு தரம். திறக்கிற நாள் தள்ளித் தள்ளிப் போகுது. வீட்டை ஈடு வச்சுத்தான் இதை எடுத்தனான். பழைய ஓனர் கதவுத் திறப்பைக் கையில தரேக்கையே சொன்னவர், பக்கத்துத் தையல் மனுசியில கவனமா இருங்கோ எண்டு."

"அதுக்குத்தான் கடதாசி ஒட்டினீரோ?"

"ஓம் அக்கா. பார் எண்டு தெரிஞ்சா லைசன்ஸுக்கு எதிரா ஏதும் செய்வியள் எண்டு பயந்திட்டன். அதான் ரெஸ்ரோரன்ட் எண்டு சொன்னனான்."

"எனக்கு உம்மோட என்ன கோபம்?"

"தெரியாதே அக்கா. எங்கடையாக்கள்தானே."

என் கணவர் சொன்ன அதே சொற்கள்! நான் கும்பிட்ட தெய்வங்களையெல்லாம் இழுத்துச் சத்தியம் பண்ணினேன். அவனும் தன் பிள்ளையின் பெயரைச் சொல்லிச் சத்தியம் பண்ணினான். "சரி அக்கா, நான் நம்புறன்" என்றான். நானும் "நம்புறன்" என்றேன். கதவுவரை என்னோடு வந்தவன், போகிற போக்கில் ஒரு சாக்குத் துணியை எடுத்துக் குழாய்களின்மேல் போட்டு மூடியதைக் கண்டேன். பெயின்ற் படாமல் இருப்பதற்காகவும் இருக்கலாம்.

கன்சேர்ன் சொன்னது ஆர் என்று இன்றைக்கும் தெரியாது. பின்வீதியில் நாய் வைத்திருக்கிற பெண்ணாக இருக்கலாம். மூலையில் இருக்கிற வரிக் கணக்குக்காரராக இருக்கலாம். கட்டிடச் சொந்தக்காரரே எல்லோரையும் கிளப்பிவிட்டு உயரமாகக் கட்டப் பார்க்கிறார் என்று யூனியன்வில்லில் இருக்கிற என் மச்சாள் சொல்கிறாள். அவளிடம் இதைச் சொன்னதே பிழையோ என்றும் சிலநேரம் யோசிக்கிறேன்.

கோடை தொடங்க பப் திறந்தது. சீலன் நேரில் வந்து, "அக்கா, அண்ணையையும் கூட்டிக்கொண்டு கட்டாயம் வரவேணும்" என்றான். அழைப்பா, சமாதானமா, நோட்டம் பார்ப்பதா என்று இவரும் நானும் விவாதித்தோம். கடைசியில் இவர் போட்டிருந்த சேர்ட்டை மாற்றிக்கொண்டு, "தவறணைக்கு மனுசியைக் கூட்டிக்கொண்டு போறன். ஊரில தெரிஞ்சா என்னைத் தள்ளி வச்சிடுவாங்கள்" என்றார். போய்விட்டோம்.

உள்ளே இரண்டு கூட்டம். யன்னலோரம் வோல்டரும் பழைய ஆட்களும் பொரித்த மீனோடு இருந்தார்கள். தொலைக்காட்சியில் கிரிக்கெட் ஓடுவதைப் பார்த்து ஒருவர் எரிச்சலாக ஏதோ சொல்ல மற்றவர்கள் சிரித்தார்கள். மறுபக்கம் நீண்ட மேசையில் எங்கடையாக்கள் கொத்து ரொட்டியும் பியருமாக இருந்தார்கள். பரிமாறுகிற இளம் பெண் எங்களிடம் வந்து, "நீங்கள் எந்த மேசையோடு?" என்று கேட்டாள். இவர் என்னைப் பார்த்தார். வோல்டர் கையைத் தூக்கினார், வாருங்கள் என்றா, ஹலோ என்றா தெரியவில்லை. சீலனும் பாருக்குப் பின்னாலிருந்து தமிழ் மேசையைக் காட்டினான்.

நடுவில் ஒரு சின்ன மேசை வெறுமையாக இருந்தது. அங்கே உட்கார்ந்தோம். எனக்கு ஒரு ஜிஞ்சர் ஏல், இவருக்கு ஒரு பியர். அப்போதுதான் கவனித்தேன், இரண்டு பக்கமும் பேச்சுத் தணிந்திருந்தது. யன்னல் பக்கத்திலிருந்து ஒருவர் பக்கத்தவரிடம், "தட்ஸ் ஹேர். த சோயிங் லேடி" என்றார், அவள்தான் அந்தத் தையல்காரி என்று. நீண்ட மேசையில் ஒரு பெண் குனிந்து, "உவதானாம் அந்தப் பக்கத்துக் கடை அக்கா, கவனம்" என்றாள்.

"என்னவாம்?" என்று இவர் கேட்டார்.

"ஒண்டுமில்லை, குடியுங்கோ" என்றேன். இரண்டு பக்கமும் மெல்லத்தான் சொன்னார்கள். எனக்கு இரண்டும் நன்றாக விளங்கியது.