சராசரியில் பாதி

பதினான்கு வருடமாக அவள் அடுத்தவர் வாய்க்குப் பல் செய்துகொண்டிருந்தாள். டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்து, மெழுகில் ஈறு இழைத்து, பற்களை ஒவ்வொன்றாகப் பதித்து, ராவி மெருகேற்றித் தருவாள். பல் லேபில் எல்லோருக்கும் அவள் பல்லக்கா. "பல்லக்கா கட்டின செட்டுன்னா கல்லையே கடிக்கலாம்" என்று முதலாளி பெருமையடிப்பார். பெருமையோடு சரி.

வீடு மூன்றாவது மாடி. கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு நொறுங்கிய கணவன் ஏழு மாதமாக அங்கே படுத்தபடுக்கை. ஆஸ்பத்திரிக்குப் போக நாற்காலியோடு தூக்கி இறக்க நான்கு பேர் வேண்டும். நான்கு பேரும் இப்போதெல்லாம் அவளைக் கண்டாலே வேறு பக்கம் பார்த்தார்கள்.

கீழ்த்தளத்தில் ஒரு வீடு காலியென்று கேள்விப்பட்டுத் தரகரிடம் ஓடினாள். அவர் சம்பளச் சீட்டை இரண்டு தரம் புரட்டினார்.

"அரை நாள் வேலையாம்மா?"

"முழு நாள்தாங்க. காலையில எட்டு மணிக்குப் போனா இருட்டினப்புறம்தான் வீடு."

"போன வருஷம் இதே வேலை பார்க்கறவருக்கு வீடு பிடிச்சுக் கொடுத்தேன். அவர் இதைப்போல ரெண்டு பங்கு வாங்கறாரே!" அவர் போனில் தேடி அவள் முன் நீட்டினார். "பாருங்க, உங்க வேலைக்குச் சராசரியே இவ்வளவு. இந்தச் சீட்டைக் காட்டினா வீட்டு ஓனர் சம்மதிக்க மாட்டார்."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பாதி என்றால் பதினான்கில் ஏழு வருடம் சும்மா உழைத்திருக்கிறாள். தெருமுனையில் நின்றே வேறு இரண்டு லேபுகளுக்குப் போன் போட்டாள். இரண்டிலும் ஒரே கேள்வி: "கம்ப்யூட்டர்ல டிசைன் பண்ணத் தெரியுமா?" தெரியாது.

மறுநாள் முதலாளி அறைக்குள் போய், தரகர் காட்டிய சராசரியைச் சொல்லிச் சம்பளம் கூட்டக் கேட்டாள்.

"அதெல்லாம் பெரிய லேப் கணக்கும்மா. அவங்களும் நாமளும் ஒண்ணா?"

"நான் செஞ்ச பல்லு என்ன, பாதி வாயிலயா மெல்லுது?" கேட்டுவிட்டு அவளே பயந்துபோனாள். கண்ணீர் முட்டியது. "அவரைக் கீழே இறக்கணுங்க. வேற வழியே இல்ல."

முதலாளி கணக்கு நோட்டைப் புரட்டினார். பிறகு சம்பளத்தைக் கூட்டுவதாகச் சொன்னார். சராசரிக்கு எட்டாத தொகைதான். அந்த வீட்டுக்குப் போதும். "ஆனா இந்தப் பேச்சு இந்த ரூமைத் தாண்டக் கூடாது. முக்கியமா மாவுக்குத் தெரியக் கூடாது. தாண்டிச்சுன்னா ரெண்டு பேரும் கிளம்ப வேண்டியதுதான்."

அவள் தலையாட்டினாள்.

மாவு அவள் பக்கத்து மேசைக்காரி. அச்சுக்குச் சுண்ணமாவு கரைத்து ஊற்றி ஊற்றிப் புருவம்வரை வெளுத்திருப்பாள்; அதனால் வந்த பட்டப்பெயர். இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்க்கிறவள். நாற்காலி தூக்கும் நான்கு பேரில் ஒருவர் வராமல்போன நாளில், தானாக வந்து தோள் கொடுத்தவள்.

வீடு மாறிய வாரம் கணவன் வாசலில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக் குழந்தைபோலச் சிரித்தான். அதே வாரம் மாவு கேட்டாள்:

"அக்கா, நம்ம வேலைக்கு வெளியில என்ன குடுக்கறாங்க? முதலாளிகிட்டக் கேக்கலாம்னு பார்க்கறேன்."

பல்லக்கா மெழுகிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எல்லா இடத்துலயும் இதேதான்."

"நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று மாவு மறுபடி கரைக்கத் தொடங்கினாள்.

பல்லக்கா பதித்த முன்பல் கோணியது. மெழுகை உருக்கி மறுபடி பதித்தாள். மறுபடியும் கோணியது.