முனியம்மாவின் மூச்சும் என் ஸ்டாப்வாட்சும்

போன வருடம் லடாக்கில் மூச்சுக்குத் திணறிப் பாதியிலேயே திரும்பி வந்தவள் நான். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. காற்றுக் குறைவுக்கு உடம்பைப் பழக்க முடியுமா என்று தேடியபோது, மூச்சடக்கிக் கடற்பாசி எடுக்கும் ராமநாதபுரத்துப் பெண்களைப் பற்றிக் கேள்விப்பட்டேன். மாசி அமாவாசைக்கு மறுநாள் கிளம்பினேன்.

ராமநாதபுரத்தில் காலை 5.40க்குப் பேருந்து. திருப்புல்லாணி 10 கிலோமீட்டர், 12 ரூபாய். அங்கிருந்து கடற்கரைக்கு ஆட்டோ, 150 ரூபாய். பேரம் பேசிப் பார்த்தேன், பலிக்கவில்லை. 6.45க்கு, பாசி எடுக்கும் முனியம்மாவின் படகில் இருந்தேன். அவருக்கு வயது நாற்பத்தெட்டு. கூட அவர் நாத்தனார் காளீஸ்வரி. இருவருக்கும் சேலைமேல் ஆண்கள் சட்டை, விரல்களில் துணிச் சுற்று. பாறை கிழிக்காமல் இருக்கத்தான் அந்தச் சுற்று.

ஒருத்தி மூழ்கினால் மற்றவள் மேலே காத்திருப்பாள். கீழே போனவள் தலை தெரிந்த பிறகே இவள் மூழ்குவாள். அதுதான் அவர்கள் வழக்கம். கடிகாரம் கிடையாது.

என் கையில் ஸ்டாப்வாட்ச் இருந்தது. முனியம்மா முதல்முறை மேலே வந்ததும், "ஒரு நிமிஷம் நாலு செகண்டு" என்றேன். வாய் சும்மா இருந்திருக்கலாம்.

"அம்புட்டுத்தானா? எனக்கெல்லாம் மூச்சு முட்டுறதே தெரியாது தங்கச்சி. இப்பப் பாருங்க" என்றார். வேகவேகமாகப் பத்துப் பதினைந்து முறை மூச்சிழுத்துவிட்டு மூழ்கினார்.

மூச்சு முட்டுவது பெரும்பாலும் காற்றுத் தீர்வதால் அல்ல, உள்ளே கரியமில வாயு சேர்வதால். திரும்பத் திரும்ப அடக்கினால் உடம்பு அந்தத் தவிப்புக்குப் பழகிவிடும். வேகமாக மூச்சிழுத்தால் தவிப்பு இன்னும் பிந்தும். காற்று மட்டும் தீர வேண்டிய நேரத்தில் தீர்ந்துவிடும்; தவிப்பு வருமுன்பே மயக்கம் வந்துவிடும். இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். ஆனாலும் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒன்று இருபது. ஒன்று முப்பது. ஒன்று நாற்பதில் தண்ணீருக்கு ஒரு முழம் கீழே அவர் தலை தெரிந்தது. மேலே வரவில்லை. கை கால் அசையவில்லை.

"மதினி!" காளீஸ்வரி பாய்ந்து கொண்டையைப் பிடித்து இழுத்தார். உதடு நீலமாக இருந்தது. படகு விளிம்பில் சாய்த்துக் கன்னத்தில் அறைந்தார். "மூச்சு விடு மதினி, மூச்சு விடு." கொன்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

ஒரு விக்கல். பிறகு இருமல். முனியம்மா கண்ணைத் திறந்து, தனக்கு என்ன நடந்தது என்றே தெரியாமல், என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"எம்புட்டு வந்துச்சு?"

"அமுக்க மறந்துட்டேன்கா" என்றேன். என் முந்தானைக்குள் கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. உடனே கரைக்குத் திரும்பி, மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோம். நுரையீரலில் தண்ணீர் இல்லை என்று டாக்டர் சொல்லும்வரை வாசலிலேயே நின்றேன்.

போகிறவர்களுக்கு: அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய சில நாட்களில்தான் பாசி எடுப்பார்கள். குடிதண்ணீர் கொண்டு போங்கள். வீட்டில் தனியாக மூச்சடக்கிப் பழகாதீர்கள், வாளித் தண்ணீரில்கூட வேண்டாம். நான் அந்த எண்ணத்தையே விட்டுவிட்டேன். பழகிய உடம்பைப் பார்த்தால்தான் இப்போது எனக்குக் கூடுதல் பயம்.

ஆட்டோ ஏறும்போது காளீஸ்வரி வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். என் கையிலிருந்த ஸ்டாப்வாட்சைப் பார்த்தபடி சொன்னார்: "மறுக்கா வாங்க தங்கச்சி. வெறுங்கையோட வாங்க."