ஆத்தா எதிரில் நின்ற அட்டை

வியாசர்பாடி எழில்மொழிக்கு வயது முப்பத்துநாலு. தொழில், ஆன்டெனா வடிவமைப்பது. இந்த ஒரு சொல்லால் அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

லாரிக் கண்ணாடியில் ஒட்டிய அட்டையை எட்ட இருந்தே படித்து, கேட்டைத் தானாகத் திறக்கும் கருவிக்கு ஆன்டெனாதான் கண்ணும் காதும் என்று குடியிருப்பு முழுக்க விளக்கிப் பார்த்தார். பொறுமையாகக் கேட்டார்கள். பிறகு, "அதெல்லாம் இருக்கட்டும், எங்க வூட்ல கிரிக்கெட் சேனல் வர்ல. கொஞ்சம் மாடிக்கு ஏறேன்" என்றார்கள். பெற்ற தாய் பூவம்மாவும் அந்தக் கட்சிதான்.

அப்படிப்பட்டவர் முதன்முதலாகத் தனியே வடிவமைத்த ஆன்டெனா, எண்ணூர் போகும் சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டு வாசலில் ஏறியது. ஆய்வறையில் நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளை. வாசலிலோ பத்து லாரி வந்தால் நாலுக்குத்தான் கேட் திறந்தது. மற்ற ஆறும் அடித்த ஹாரனில் திருவொற்றியூரே காதைப் பொத்திக்கொண்டது. யார்டு மேலாளர் குமாரவேல் தீர்ப்பு வழங்கினார்: வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் ஆன்டெனா இறங்கும், வாட்ச்மேனும் லாரி எண் எழுதும் அவருடைய நோட்டும் மறுபடி பதவியேற்பார்கள்.

எழில்மொழி திங்களன்று ஒயரைச் சந்தேகப்பட்டார். செவ்வாயன்று கடல்காற்றை. புதன் காலை தம் படிப்பையே சந்தேகப்பட்டுவிட்டு, கேட் திறக்காத லாரி ஒன்றின் படியில் ஏறிக் கண்ணாடியைப் பார்த்தார். அட்டை நெட்டுக்குத்தலாக ஒட்டியிருந்தது. பக்கத்தில் வடிவுடையம்மன் படம்.

"இன்னாண்ணா இது? படுக்கவெச்சு ஒட்டணும்னு அட்டைலயே படம் போட்டு கீதே!"

ஓட்டுநர் கருணாகரன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஆத்தா எதிர்ல யாராச்சும் படுத்துகினு இருப்பாங்களாம்மா? அதான் நிக்கவெச்சேன்."

"அட்டைக்கு இன்னாண்ணா மரியாதி?"

"அது என் வண்டில தானே கீது?"

எழில்மொழி படியிலிருந்து இறங்கினார். அடுத்து வாசலுக்கு வந்த ஓட்டுநர் மொஹ்சினின் லாரியில் அட்டை சொன்னபடி படுத்திருந்தது; அதற்குக் கேட் திறந்தது. விஷயம் விளங்கிவிட்டது. எழில்மொழியின் ஆன்டெனா அனுப்பியது படுத்த அலை. நின்ற அட்டை அதை மதிக்கவில்லை. ஆன்டெனாவைத் திருப்பி மாட்டினால் கருணாகரன் உள்ளே போவார், மொஹ்சின் வெளியே நிற்பார்.

"எல்லாரையும் பிச்சு ஒட்டச் சொல்லும்மா" என்றார் குமாரவேல்.

பிய்த்தால் அட்டை செத்துவிடும். தவிர, அறுபது ஓட்டுநர்களோடு ஆத்தாவைப் பற்றி வாதாடுவதைவிட அலையை மாற்றுவது சுலபம். ஆன்டெனாவின் சதுரத் தகட்டில் எதிரெதிர் மூலை இரண்டைக் கணக்காக வெட்டினால், அலை பம்பரம்போலச் சுழன்றுகொண்டே போகும். நிற்பதையும் படிக்கும், படுத்ததையும் படிக்கும். எட்டும் தூரம் சற்றுக் குறையும், வாசலுக்கு அது போதும். ஐந்து தகடுகள் வெட்டுப்பட்டு வீரமரணம் அடைந்தன. ஆறாவது, வெள்ளி காலை கம்பத்தில் ஏறியது.

கருணாகரன் அண்ணாந்து பார்த்தார். "இன்னாம்மா, எலி கடிச்ச பர்பி மாதிரி கீது?"

"வண்டிய எடுங்கண்ணா!"

கேட் திறந்தது. அடுத்து மொஹ்சினுக்கும் திறந்தது. பத்துக்குப் பத்து. ஹாரன் சத்தமே இல்லாத வாசலைக் குமாரவேல் நம்பாமல் பார்த்துக்கொண்டு நின்றார். வாட்ச்மேன் நோட்டை மூடிவைத்தார்.

கருணாகரன் வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கி வந்தார். "ராசியான கைம்மா உனுக்கு!"

எழில்மொழி நிமிர்ந்து நின்றார். விளங்கிக்கொள்ள ஊரில் ஒருவராவது கிடைத்தாரே.

"டோல்கேட்டாண்ட தான் நம்ம வூடு. டிஷ்ல ஒரு வாரமா படமே வர்ல. அப்டியே ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயேன்."

எழில்மொழி பையில் ஸ்பேனர் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.