பத்த வெச்சுப் பாத்தீங்களா, சார்?

போன செவ்வாய்க்கிழமை எனக்குத் தபாலில் ஒரு மெழுகுவர்த்தி வந்தது.

பர்கூரிலிருந்து இந்தப் பத்தியின் வாசகி ஒருவர் அனுப்பியிருந்தார். பிரித்தேன். உடம்பெல்லாம் வெள்ளைத் திட்டு. நடுவில் விரிசல். அடியில் குழி. கூட இருந்த கடிதத்தைப் படிப்பதற்குள் என் கை சிவப்புப் பென்சிலை எடுத்து மூன்று இடத்திலும் வட்டம் போட்டுவிட்டது.

நான் ரிட்டயராகி ஆறு வருஷம். கை இன்னும் ஆகவில்லை.

‘வீட்டில் செய்கிறேன். நன்றாகத்தான் எரிகிறது. பார்க்க லட்சணமாக இல்லை என்று கடைக்காரர் திருப்பிவிடுகிறார். நீங்கள் ஃபேக்டரியில் இருந்தவர். காரணம் தெரியுமா?’ என்று கேட்டிருந்தார்.

தெரியும். பல வருஷமாகத் தெரியும்...

ஓசூரில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் அதிகாரியாக இருந்தேன். கிரைண்டிங்கில் இருந்த அன்வருக்கு வலது கை மெஷினில் போயிற்று. அவர் மனைவி சபீரா மெழுகுவர்த்தி செய்யப் பழகினார். தினமும் பவர்கட் இருந்த காலம். சாம்பிள் பாஸானால் ஃபேக்டரிக்கு வேண்டியதை அவரிடமே வாங்கலாம் என்றது நிர்வாகம். ஆகாவிட்டால்? வீட்டைக் காலி செய்துகொண்டு சாமல்பட்டியில் அன்வரின் அண்ணனிடம் போய் நிற்க வேண்டும். இரண்டு பெண் பிள்ளைகளின் ஓசூர்ப் பள்ளிக்கூடமும் அதோடு சரி.

பாஸ் போட வேண்டியது நான்.

முதல் சாம்பிள் ஆறு. ஆறிலும் வட்டம் போட்டேன். ஸ்டோர்ஸ் முனிராஜ் எட்டிப் பார்த்தான். “என்னக்கா, மெழுகுவத்திக்கு அம்மை போட்டுருக்கா? வேப்பிலை கட்டிக் கொண்டாந்திருக்கலாமில்ல?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். சபீராகூடச் சிரித்து வைத்தார்.

அடுத்த வாரம் மறுபடி வந்தார். இந்த முறை விரிசல் அதிகம்.

“மார்கழிக் குளிருல தண்ணி ஐஸா இருக்குது சார். அதுலதான் அச்ச எறக்கி வெக்கிறேன். அதனாலயா சார்?”

அதனால்தான்! பாதிக் காரணத்தை அவரே கண்டுபிடித்துவிட்டார். ‘ஆமாம்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் சொன்னது வேறு. “அதெல்லாம் நீங்கதாம்மா பாத்துக்கணும். செக் பண்றது மட்டும்தான் எங்க வேலை.”

இன்ஸ்பெக்‌ஷன்காரன் குறையைக் காட்டலாம், காரணம் சொல்லக் கூடாது. சொன்னால் அடுத்த குறைக்கு அவனும் பொறுப்பாகிவிடுவான். என் ஆட்களுக்கு நானே போட்ட சட்டம் இது. இரும்புச் சாமானுக்குப் போட்டது. அதைக் கொண்டுபோய் ஒரு பெண்ணின் மெழுகுவர்த்திமேல் வைத்தேன். பெரிய நேர்மை என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது முறையும் ரிஜெக்ட்.

“பத்த வெச்சுப் பாத்தீங்களா, சார்?”

“தேவையில்லம்மா. பார்வையிலயே தெரியுது.”

அவர் ஒவ்வொன்றாக எடுத்து, சிவப்பு வட்டத்தை முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பையில் போட்டார். வட்டம் போகவில்லை.

பொங்கல் லீவு முடிந்து வந்தபோது முனிராஜ் சொன்னான். “அன்வர் பாய் வீட்ட காலி பண்ணிட்டாரு சார்.” அன்று அவன் ஜோக் எதுவும் அடிக்கவில்லை.

பர்கூர் அம்மா, உங்களுக்கான பதில் இதோ. குளிர்ந்த அச்சில் ஊற்றினால் வெள்ளைத் திட்டு வரும். அச்சை அடுப்போரம் வைத்து வெதுவெதுப்பாக்கிக்கொள்ளுங்கள். தண்ணீரில் இறக்காதீர்கள், சாக்கைப் போர்த்தி மெல்ல ஆறவிடுங்கள். விரிசல் நிற்கும். ஆறும்போது மெழுகு சுருங்கும், அதனால்தான் குழி. கொஞ்சம் மெழுகை மீதி வைத்து இரண்டாவது தடவை ஊற்றி நிரப்புங்கள்.

அவ்வளவுதான். சொல்ல ஒரு நிமிஷம் ஆகுமா?

போன வருஷம் ரயிலில் சாமல்பட்டி வழியாகப் போனேன். வண்டி நின்றது. இறங்கி விசாரித்திருக்கலாம். ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே இருந்தேன். வண்டி கிளம்பிவிட்டது.

இதையே கடிதமாகவும் எழுதித் தபாலில் சேர்த்துவிட்டு வந்து, பட்டப்பகலில் அந்தப் பர்கூர் மெழுகுவர்த்தியைப் பற்ற வைத்தேன். சுடர் ஆடாமல் நின்று எரிந்தது. என் சிவப்பு வட்டங்கள் ஒவ்வொன்றாக உருகி இறங்கின. அடிவரை ஒருமுறைகூட அணையவில்லை.

சபீராவின் மெழுகுவர்த்திகளும் இப்படித்தான் எரிந்திருக்குமோ? தெரியாது. நான் பார்க்கவில்லை.